உறை பிரிக்கும் வாரம்

காய்கள் கோலிக்குண்டு அளவு வந்ததும்
சைக் மேட்டில் எங்களுக்கு வேலை ஆரம்பம்.
ஒரு காய்க்கு ஒரு உறை.
வெளித்தாள் பழுப்பு, உள்தாள் மெழுகுச் சிவப்பு,
வாயோரம் ஒரு மெல்லிய கம்பி.
காம்பு நோகாமல் முறுக்க வேண்டும்.
இறுக்கினால் காய் உதிரும்,
தளர்த்தினால் பழ ஈ குடிபுகும்.
நான் ஒரு நாளைக்கு நானூறு கட்டுவேன்.
ரொஃபிகுல் ஐந்நூறு.
டாக்காவில் சட்டைக்குப் பொத்தான் தைத்த விரல்கள் அவை.

கீழே மஸ்கட்டில் நாற்பத்தாறு டிகிரி என்று
போன் சொல்லும்.
இங்கே விடிகாலையில் சட்டைக்கு மேல் சட்டை.
வரப்பில் நின்று அர்பாப் ஹிலால் எண்ணுவார்,
மரத்துக்கு எத்தனை உறை,
உறைக்கு எத்தனை பைசா.
ஆலங்கட்டி தழும்பு வைக்கக் கூடாது,
குருவி கொத்தக் கூடாது.
ஒரு மச்சம் இருந்தால்கூட
ஓட்டல்காரன் கையில் எடுக்க மாட்டான்.

எங்கள் சம்பளமும் உறையில்தான் வரும்,
முழங்கையால் தடவி ஒட்டிய வெள்ளை உறை.
அந்த வருடம் மே மாதம் வரவில்லை.
ஜூனில் வரவில்லை.
ஜூலையில் கேட்டதற்கு,
"மரத்தைப் பார், இன்னும் பழுக்கவில்லையே" என்றார்.

பிரிப்பதற்கும் முறை இருக்கிறது.
காலைக் குளிரில் கூடாது,
பத்து மணிக்கு மேல், பழம் கொஞ்சம் சூடேறிய பிறகு.
முதலில் வெளித்தாள்.
உள்தாளோடு நான்கு நாள் சிவப்பு நிழலில் கிடக்கட்டும்.
ஒரேயடியாய் வெயிலைக் காட்டினால்
தோல் வெந்து பழுப்பாகிவிடும்.
ஐந்தாம் நாள் உள்தாளையும் உருவினால்
வடித்த கஞ்சி நிறத்தில்
கூச்சத்தோடு வெளியே வரும் பழம்.
அதன்மேல் எதை மறைக்கிறோமோ
அது கஞ்சி நிறத்திலேயே நின்றுவிடும்.
மற்றதெல்லாம் சிவக்கும்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
போன வருடம் ஒரு பழத்தில் இலை ஒன்று ஒட்டிக்கிடந்தது.
எடுத்தால்
நரம்பு முதற்கொண்டு இலை அங்கேயே இருந்தது.

பம்ப் அறையில் கறுப்பு டேப் இருந்தது.
பிளேடால் வெட்டினேன்.
அரபு மூன்று சுலபம்,
மேலே மூன்று பல், கீழே ஒரு வால்.
தொட்டியோரம் ஏழாவது மரம்,
விருந்தாளிக்கு அவர் காட்டும் மரம்.
இருபத்தியிரண்டு பழத்தில் ஒட்டினேன்.
ரொஃபிகுல் ஏணியைப் பிடித்துக்கொண்டு
வேறு பக்கம் பார்த்தான்.
பன்னிரண்டு நாள் வெயில் எழுதியது.
பதிமூன்றாம் நாள் விடியுமுன் டேப்பை உரித்தேன்.

நிஸ்வாவிலிருந்து வியாபாரி வந்தான்.
அர்பாப் கிளையை வளைத்துக் காட்டினார்.
ஒரு மூன்று.
பக்கத்தில் ஒரு மூன்று.
உச்சிக்கிளையில்
எட்டாத உயரத்தில் இன்னும் நாலைந்து மூன்று.
நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.
சுரண்ட மேலே எதுவும் இல்லை,
தோலே அதுதான்.
"இது என்ன, மூன்றாம் தரமா?" என்று
வியாபாரி சிரித்தான்.
அர்பாப் காது சிவந்ததற்கு
உறையும் தேவைப்படவில்லை,
வெயிலும் தேவைப்படவில்லை.

ராத்திரி அறைக்கு உறை வந்தது.
உள்ளே இரண்டு மாதம்.
மீதி அடுத்த விற்பனையில் என்று
கொண்டுவந்த டிரைவர் சொன்னான்.

அடுத்த விற்பனை போயிற்று, குளிர்காலம் போயிற்று,
மறுபடி காய், மறுபடி உறை.
ஆகஸ்டில் மறுபடி பிளேடை எடுத்தேன்.
ஆனால் அரபியில் ஒன்று
வெறும் நேர்கோடு.
ஒட்டும்போதே எனக்குச் சந்தேகம்.
தரம் பிரிக்கும் கொட்டகையில் அர்பாப்
ஒவ்வொன்றாய் விளக்கடியில் திருப்பினார்.
"கிளை உரசிய கீறல்" என்று
என் ஒன்றுகள் அத்தனையையும்
கழிவுக் கூடையில் போட்டார்.

கழிவு எங்களுக்குத்தான்.
எனக்கு வரவேண்டியதை
அன்று ராத்திரி நானும் ரொஃபிகுலும்
நறுக்கி,
உப்பும் மிளகாய்த்தூளும் தூவி,
தோலோடு தின்றோம்.